சல்பரைக் குறைக்க ஆர்க் பர்னஸ் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் சின்ன பவுண்டரி நடத்துகிறேன். 500 கிலோ இண்டக்‌ஷன் பர்னஸ் (மின்காந்தத்தால் உருக்கும் உலை). ஸ்டீல் ஸ்கிராப்பில் கரி ஏற்றி எஸ்.ஜி. அயர்ன் (கிராபைட் உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பு) ஊற்றுகிறோம். சல்பர் 0.04 சதவீதம் வரை வருகிறது, கிராபைட் உருண்டை பிடிப்பதில்லை. பழைய ஆர்க் பர்னஸ் (மின்பொறியில் உருக்கும் உலை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதில் உருக்கினால் இரும்பு தானே சுத்தமாகிவிடும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள்.

எந்த பர்னஸும் இரும்பைத் தானே சுத்தம் செய்யாது. மேலே மிதக்கும் கசடுதான் செய்யும். இண்டக்‌ஷனில் அது ஆறிக் கிடக்கும், அவ்வளவாக வேலை செய்யாது. ஆர்க்கில் உலோகத்தைவிடச் சூடாக இருக்கும். சுண்ணாம்பும் கரித்தூளும் போட்டு அங்கே கார்பைடு கசடு (கால்சியம் கார்பைடு உண்டாகும் கசடு) கட்டினால் சல்பர் நன்றாகவே இறங்கும். ஆனால் உள்ளே மேக்னசைட் லைனிங் (உட்சுவர்) இருக்க வேண்டும். சிலிக்கா லைனிங்கில் சுண்ணாம்பைக் கொட்டினால் அது சுவரைத்தான் தின்னும். உள்ளே என்ன செங்கல் என்று புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள். "நல்ல செங்கல் சார்" என்பார்.

பாஸ்பரஸும் போய்விடும் என்று சொல்லியிருப்பாரே? வார்ப்பிரும்பில் அது நடக்காது. எஃகு ஆலைக்காரர்கள் ஆக்சிஜன் ஊதி எடுக்கிறார்கள். உங்கள் இரும்பில் ஊதினால் முதலில் எரிவது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சிலிக்கன். அது தீரும்வரை பாஸ்பரஸ் அசையாது, கூடவே கார்பனும் எரிந்து குறையும். எரித்ததையெல்லாம் மறுபடி காசு கொடுத்துப் போட வேண்டும். அப்புறம் சல்பருக்காகக் கார்பைடு கசடு கட்டினால், பழைய கசடை முழுக்க வழிக்காதவரை, அதில் ஏறிய பாஸ்பரஸ் இரும்புக்கே திரும்பிவிடும். பாஸ்பரஸை ஸ்கிராப் வாங்கும் இடத்தில்தான் தடுக்க வேண்டும். ரயில் பிரேக் கட்டையில் சில ரகம் பாஸ்பரஸ் சேர்த்தே வார்த்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள்.

சரி, உங்கள் சல்பர் எங்கிருந்து வருகிறது? என் சந்தேகம் கரி மூட்டையின் மேல். ஒரு ஹீட்டுக்கு (ஒருமுறை உருக்க) 10 கிலோ கரி, அதில் சல்பர் 1.5 சதவீதம் என்று வையுங்கள். 150 கிராம் சல்பர்; 500 கிலோ இரும்பில் 0.03 சதவீதம். கிராபைட்டை உருண்டையாக்க நீங்கள் போடும் மெக்னீசியத்தில் பெரும் பங்கை இதுவே விழுங்கிவிடும். மூட்டையில் ஒரு குருணையை எடுத்து வெள்ளைத்தாளில் தேயுங்கள். கிராபைட் என்றால் பென்சில் போல வழுக்கிக்கொண்டு பளபளப்பாகக் கோடு விழும். கரகரவென்று கீறினால் அது பெட்கோக், அதாவது சல்பர் அதிகம் இருக்கக்கூடிய பெட்ரோலியக் கரி. கூடவே தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டை நம்பாதீர்கள். தேதியை மட்டும் மாற்றிய ஒரே ஜெராக்ஸை மூன்று பவுண்டரிகளில் பார்த்திருக்கிறேன். கேட்பார் இல்லை.

கியூப்போலா (கோக் எரித்து உருக்கும் உலை) வைத்திருப்பவர் கதை வேறு. கோக்கிலிருந்து ஏறி சல்பர் 0.1 சதவீதத்தைத் தொடும். அவர் கியூப்போலாவில் உருக்கி ஆர்க்கில் சுத்தம் செய்தால் அர்த்தம் உண்டு. அவருக்கும்கூட லேடிலின் (உருகிய இரும்பை ஏந்தும் வாளி) அடியில் நைட்ரஜன் ஊதி, கால்சியம் கார்பைடு போட்டுக் கலக்குவது மலிவு. அந்தக் கசடில் மட்டும் தண்ணீர் படக்கூடாது, அசிட்டிலீன் கிளம்பும். ஆர்க் வைத்தால் எலக்ட்ரோடு செலவு தனி. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மின்வாரியத்துக்கு டிமாண்ட் சார்ஜ் (வாங்கிவைத்த மின்திறனுக்கான கட்டணம்) தனி. 

நல்ல கிராபைட் கரி ஒரு மூட்டை வாங்கி, அதே ஸ்கிராப்பில் நான்கு ஹீட் ஓட்டுங்கள். மெக்னீசியம் போடுவதற்கு முன் சாம்பிள் எடுத்து, செம்பு அச்சில் ஊற்றி வெள்ளையாக உறைய வைத்து லேபுக்கு அனுப்புங்கள். சல்பர் 0.02க்குக் கீழே வந்துவிட்டால் பழைய மூட்டைகளை டீலருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.