சர்க்கரை கட்டுப்பட்டால் கண்புரை கரையுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன், வயது 54. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். எச்பிஏ1சி (இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டும் சோதனை) 9.4 இலிருந்து 7.1 ஆகக் குறைந்துவிட்டது. ஆனாலும், கண் லென்ஸின் புரதத்தில் சர்க்கரை ஒட்டிக் கண்புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொல்கிறார். ஒட்டியது விலகாதா? ஸ்டேஷன் அருகிலுள்ள கண்ணாடிக் கடையில் புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கண்புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து இன்றுவரை எதுவும் இல்லை.

இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகிறது. சர்க்கரை ஒட்டிய பழையன போய்ப் புதியன வருவதால்தான் உங்கள் எச்பிஏ1சி குறைந்தது. கண் லென்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் நடுப்பகுதிப் புரதங்கள் நீங்கள் பிறக்கும் முன்பே உருவானவை. அவை மாற்றப்படுவதே இல்லை. பால்கோவா கிண்டும்போது சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறுவது போன்ற வினையே அங்கும் உடல் சூட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்து, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, ஒளியைச் சிதறடிக்கிறது. சர்க்கரைக் கட்டுப்பாடு இனிமேல் ஒட்டுவதைக் குறைக்கும், பிணைந்ததைப் பிரிக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரையுடன் வரும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், மிக அரிதாக, சில வாரங்களிலேயே லென்ஸில் பனித்துகள் போன்ற புரை படரும். அது பெரும்பாலும், குளுக்கோஸ், சார்பிட்டால் என்ற பொருளாக மாறி லென்ஸுக்குள் நீரை இழுப்பதால் வருவது. தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் சிலருக்குத் தெளிவதும் உண்டு. இப்படித் தெளிந்த யாரோ ஒருவரின் கதையைச் சொட்டு மருந்து விற்பவர்கள் எல்லோரிடமும் சொல்லக்கூடும். பத்தாண்டு நோயுடன் 54 வயதில் வரும் புரை அந்த வகையன்று.

அதே நீரேற்றத்தால், சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை நிலையைக் கேட்காமலே பவர் பார்த்துக் கண்ணாடி விற்று, இரண்டு மாதத்தில் இன்னொன்றும் விற்கும் கடைகள் ஏராளம். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகே கண்ணாடி மாற்றுங்கள். இலவச முகாம் என்று அழைத்துப்போய், கமிஷனுக்காக ஏதோ ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிடும் தரகர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

சர்க்கரை மருத்துவர் பல நேரம் கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. சில கண் மருத்துவமனைகளிலோ, புரை அறுவையில் எந்த விலையில் லென்ஸ் வைப்பது என்பதே அரை மணி நேரப் பேச்சாகி, விழித்திரையைப் பார்ப்பது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விழித்திரையில் ஏற்கெனவே நீர் கோத்த வீக்கம் இருந்தால் அறுவைக்குப் பின் அது மோசமாகலாம் என்பதால், கண்மணியை விரிக்கும் மருந்திட்டு விழித்திரையை முழுமையாகப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். அன்று சில மணி நேரம் பார்வை மங்கும். லோக்கல் ரயிலில் தனியாகத் திரும்பாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.