இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா இரவில் உளறுகிறார், டிரிப்ஸைப் பிடுங்குகிறார். கையைக் கட்டிவைக்கலாமா?

கட்டாதீர்கள், திமிறல்தான் கூடும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழம்பினால் அது வயசுக் கோளாறு இல்லை, பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்பில் ஏதோ கோளாறால் வரும் தற்காலிக மனக்குழப்பம். முதலில் டாக்டரிடம் அடிவயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலே இப்படி ஆகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வலி, மலச்சிக்கல், சோடியம் குறைவு, அரிப்புக்குப் போடும் அவில், தூக்க மாத்திரை எல்லாம் அடுத்த சந்தேகங்கள்.

பைக்குள் கிடக்கும் கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுங்கள். எதிரே உட்கார்ந்து, "அப்பா, இது ஆஸ்பத்திரி. இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சுது. நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். இறந்துபோன தம்பியைக் கேட்டால் வாதாட வேண்டாம், "சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சாப்பா?" போதும். டிரிப்ஸ் ஊசிமேல் நர்ஸிடம் சொல்லித் தளர்வாக பேண்டேஜ் சுற்றி, முழுக்கைச் சட்டையால் மூடினால் பெரும்பாலும் கை அங்கே போகாது. வீங்குகிறதா என்று மட்டும் அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.