குமரியில் உள்ளாட்சி: ஒரு சுயேச்சை வேட்பாளரின் கேள்வி பதில்

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் கல்குளம் தாலுகாவிலுள்ள ஒரு பேரூராட்சி வார்டில் சுயேச்சையாக நின்றேன். ஜெயிக்கவில்லை. அடுத்த தேர்தலிலும் நிற்கப் போகிறேன். ஊர்க்குளம், ஓடை, குப்பை, சபைக் கூட்டம் என்று மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து கேட்கிறீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (தக்கலை, ஆசிரியை): கட்சி இல்லாத ஒருவர் கவுன்சிலராகி என்ன செய்துவிட முடியும்? நிதியெல்லாம் ஆளுங்கட்சி வார்டுக்குத்தானே போகும்?

பதில்: டீச்சர், முதலில் ஒன்று. கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் சட்டப்படி கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே நிற்கும் எல்லாருமே சுயேச்சைதான். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றில்தான் கட்சிச் சின்னம் வருகிறது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சி பார்த்து ஓட்டுப் போடுபவர், சட்டம் கேட்காத ஒன்றைத் தானாக முன்வந்து செய்கிறார்.

பேரூராட்சி மன்றத்தில் சுயேச்சைக்கு இருப்பது ஒரே ஓட்டுதான். ஆனால் ஒரு வேலைக்கான மதிப்பீட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். கட்சிக் கவுன்சிலருக்கும் அந்த உரிமை உண்டு, ஆனால் கட்சிக் கட்டுப்பாடு அவர் வாயை அடைத்துவிடும். நம் ஊர்களில் பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சுயேச்சையின் வீட்டுக்கு ஆள் வருவது அந்தத் தேர்தலுக்கு முந்தின நாளில்தான். அன்று பணத்துக்கோ கான்ட்ராக்டுக்கோ கை நீட்டியவர் அடுத்த ஐந்து வருடமும் பேச முடியாது. என் வார்டுக்காரர்களிடம் நான் கொடுத்திருக்கும் வாக்கு: தலைவர் தேர்தலில் யாருக்கு ஓட்டு, எதற்காக என்பதை முன்கூட்டியே தெருவில் நின்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

கேள்வி (கருங்கல், இளைஞர்): நிற்க எவ்வளவு செலவாகும் அண்ணா?

பதில்: தம்பி, 2022-ல் டெபாசிட் பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. 2019 ஊரகத் தேர்தலில் கிராம ஊராட்சி வார்டுக்கு 200, தலைவர் பதவிக்கு 600. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. பேரூராட்சி வார்டில் செலவு வரம்பு 17,000 ரூபாய், ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு 34,000. ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வரம்புக்குள் நின்று ஒரு வார்டை வீடு வீடாக முழுக்க நடக்க முடியும். நான் நடந்திருக்கிறேன்.

கேள்வி (குலசேகரம், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி): பேச்சிப்பாறைக்காரங்களுக்கு கிராம சபை உண்டு, 100 நாள் வேலையும் உண்டு. பக்கத்துல இருக்க எங்களுக்கு ரெண்டும் இல்ல. எங்க ஊரும் காடும் தோட்டமுந்தான அண்ணாச்சி?

பதில்: இந்த மாவட்டத்தின் மையப் பிரச்சினையையே கேட்டுவிட்டீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மக்களில் சுமார் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். சென்னைக்கு வெளியே இப்படி ஒரு மாவட்டத்தைப் பார்ப்பது கடினம். காரணம், இங்கே கிராம ஊராட்சிகள் 95 மட்டுமே. பேரூராட்சிகளோ சுமார் ஐம்பது. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர் பக்கமிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதி இது. வீடுகள் ஒரு தெருவாகக் கூடாமல் விளைக்கு விளை, அதாவது தோட்டத்துக்குத் தோட்டம், பரந்து கிடக்கும் ஊர் அமைப்பு. மக்கள் நெருக்கம் அதிகம், படிப்பும் அதிகம். கணக்கில் அது நகரமாகிவிடுகிறது. குலசேகரம், பொன்மனை, அருமனை, கடையால் எல்லாம் பேரூராட்சிகள். ரப்பர் மரத்தடியில் நின்று பால் வெட்டுகிறவர் அரசுக் கணக்கில் நகரவாசி.

இதனால் என்ன இழப்பு? 1994 ஊராட்சிகள் சட்டம் தரும் கிராம சபை நமக்கு இல்லை. ஊரக வேலைத் திட்டமும் இல்லை. பேரூராட்சியில் செயல் அலுவலரும் மன்றமும் முடிவெடுக்கிறார்கள். மக்கள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குக் கேட்கும் இடம் ஒன்று பல காலம் இருக்கவே இல்லை. அது போதாதென்று, 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல், மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேருக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. தெருவிளக்குக்கு அதிகாரி, குடிநீருக்கு அதிகாரி. இதைப் பற்றி நம் ஊரில் ஒரு பெரிய போராட்டம் எழவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

2022-ல் வந்த விதிகளின்படி நகர்ப்புறத்திலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும் அதன் கீழே பகுதி சபாவும் அமைக்க வேண்டும். நகர்ப்புறத்துக்கு கிராம சபை போல ஒன்று கிடைத்திருக்கிறது என்றால் அது இதுதான். நம் வேலை என்னவென்றால், உங்கள் வார்டின் பகுதி சபா எந்தத் தேதியில் கூடியது, யார் வந்தார்கள், என்ன கோரினார்கள் என்று பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்பது. கூடவே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போங்கள், செயல் அலுவலரிடம் போங்கள், ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போங்கள். பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டுப் போனால் இன்னும் நல்லது. நான் எந்தத் தேர்தலில் நின்றாலும் முதல் வாக்குறுதி இதுவாகத்தான் இருக்கும்: சபாவைத் தேதி சொல்லிக் கூட்டுவது, வரவு செலவை அங்கே வாசிப்பது.

கேள்வி (தோவாளை, பூ விவசாயி): எங்களுக்கு கிராம சபை உண்டு. ஆனா தீர்மானம் போட்டு என்ன பிரயோஜனம்? நோட்டுல கையெழுத்து வாங்குகாவ, அதோட சரி.

பதில்: எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணாச்சி, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்திடுங்கள். இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபைகள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300. குமரியின் ஊராட்சிகள் பெரியவை. 200 பேர் உண்மையில் வந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பணம். 2021-26 காலத்துக்கான மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது; 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. "நிதி இல்லை" என்று யாராவது சொன்னால் எந்தத் தலைப்பில் இல்லை என்று கேளுங்கள். இன்னொன்று, ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் துப்புரவுப் பணியாளரின் சம்பளம்கூட நின்றுபோகும். அதனால் துணைத்தலைவர் தேர்வையும் ஊர் கவனிக்க வேண்டும்.

கேள்வி (பூதப்பாண்டி, நெல் விவசாயி): கடைமடைக்குத் தண்ணி வரமாட்டேங்கு. குளத்தைப் பாதி மண்ணடிச்சு நிரப்பிட்டாவ. யாருட்ட போய்ச் சொல்ல?

பதில்: இது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், வாழையாகி, தென்னையாகி, மனையாகிவிட்டன. மிச்சமிருக்கும் வயலையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் குளமும் சானல் என்னும் பாசனக் கால்வாயும் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பது முதலில் தெரிய வேண்டும்.

1906-ல் திறந்த பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், அவற்றிலிருந்து வரும் தோவாளை சானல், அனந்தனார் சானல் எல்லாம் நீர்வளத் துறை. பெரிய குளங்கள் பலவும் அவர்கள் பொறுப்பு. சிறிய குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையிலோ பேரூராட்சியின் கையிலோ இருக்கும். ஒருவரிடம் போனால் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். அந்த அலைச்சலில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கிராம நிர்வாக அலுவலகத்தில் குளத்தின் சர்வே எண்ணைக் கேட்டு, 'அ' பதிவேட்டு நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். அதில் குளத்தின் பரப்பு இருக்கும். அந்தப் பரப்பை அளந்து எல்லைக்கல் நடும்படி வட்டாட்சியருக்கு எழுதுங்கள். "ஆக்கிரமிப்பு இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அது ஒரு புகார்; "பதிவேட்டில் இவ்வளவு, தரையில் இவ்வளவு" என்று எழுதினால் அதை ஒதுக்கிவைக்க முடியாது. நீர்வளத் துறையின் குளம் என்றால் 2007-ன் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. மற்ற அரசுப் புறம்போக்குக்கு 1905-ன் நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

தூர்வாரச் சொல்லி மே மாதம் மனு கொடுப்பது நம் வழக்கம். ஜூனில் கன்னிப்பூவுக்கு அணை திறந்துவிடுவார்கள். சானலில் தண்ணீர் வந்தபின் யார் இறங்கித் தூர்வார? பாசனம் நின்றதுமே வேலை தொடங்க வேண்டும் என்றால் கோரிக்கை அதற்கும் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். ஜனவரி 26 சபையில் வையுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் சின்ன ஓடைகளும் பிழைக்க வேண்டும்.

கேள்வி (களியக்காவிளை, கடைக்காரர்): கல், ஜல்லி ஏற்றி கேரளா போகும் டாரஸ் லாரிகளால் ரோடு போச்சு. ஊராட்சி தடுக்க முடியாதா?

பதில்: குவாரி அனுமதியை ரத்துசெய்யும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை, அது ஆட்சியரும் கனிமவளத் துறையும் சேர்ந்த விஷயம். முடியும் என்று உங்களிடம் ஓட்டுக் கேட்பவரை நம்பாதீர்கள். கிராமச் சாலையின் தாங்கும் எடையையும் பள்ளி நேரத்தையும் சொல்லி லாரிக்கு நேரக் கட்டுப்பாடு கோரலாம். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகவே 2015 சட்டத் திருத்தத்தில் வந்தது. அதில் உங்கள் ஊருக்கு என்ன செலவானது என்று கேளுங்கள். எல்லை தாண்டி வந்து இறைச்சிக் கழிவு கொட்டும் வண்டி என்றால், வண்டி எண்ணோடு படமெடுத்து உள்ளாட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், குடும்பத்தலைவி): வீட்டில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறோம். வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே?

பதில்: அக்கா, 2016-ன் திடக்கழிவு விதிகள் பிரித்துக் கொடுக்கும் கடமையை உங்களுக்கும், பிரித்தே கொண்டுபோகும் கடமையை மாநகராட்சிக்கும் வைத்தன. வலம்புரிவிளை கிடங்கில் மலைபோல் சேர்ந்து, தீப்பிடித்து, சுற்றியுள்ளவர்கள் புகையில் தவித்ததெல்லாம் கலந்து கொட்டியதன் விளைவு. உங்கள் வார்டுக்கு வரும் வண்டியில் தனித்தனி அறை இருக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். வண்டியோடு வரும் பணியாளரைத் திட்ட வேண்டாம், அவருக்குக் கொடுத்திருப்பது அந்த ஒரே தொட்டிதான்.

கேள்வி (குளச்சல், மீனவர்): கடற்கரையில் சர்ச் பங்கு, உள்ளே சாதிச் சமுதாயம். மதம் பார்த்துத்தான் ஓட்டு விழுது. இதில் சுயேச்சை எங்கே நிற்பது?

பதில்: அண்ணாச்சி, பங்கையும் ஊர்க் கமிட்டியையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் மக்களைத் திரட்டி நின்றவை அவைதான். அந்த ஒற்றுமை நம் பலம். ஆனால் 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை ஒவ்வொரு தேர்தலுக்கும் யாரோ சிலர் தோண்டி எடுக்கிறார்கள். அதில் யாருடைய தெருவுக்கும் குடிநீர் வரவில்லை. மண்டைக்காட்டிலிருந்து மேற்கே போகும் பழைய ஏ.வி.எம். கால்வாயைப் பாருங்கள். ஒரு காலத்தில் படகு போன வழி, இன்று பல இடங்களில் சாக்கடை. அதன் கரையில் எல்லா மதத்தவரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாழ்கிறார்கள்.

என் யோசனை இதுதான். பங்குப் பேரவை, கோவில் கமிட்டி, ஜமாத் எல்லாரும் வேட்பாளர்களைத் தனித்தனியே கூப்பிட்டு ஆதரவு பேசுவதை விட்டு, வார்டின் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கால்வாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை பற்றிக் கேள்வி கேட்கட்டும். பேரூராட்சி வார்டில் முடிவு சில பத்து ஓட்டுகளில் மாறக்கூடியது. அங்கே ஒரு நல்ல பதில் சாதிக் கணக்கை மிஞ்சும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (முஞ்சிறை, சுயஉதவிக் குழு உறுப்பினர்): எங்கள் ஊரில் பெண் தலைவர் பெயருக்குத்தான். நாற்காலியில் கணவர்.

பதில்: 2016-ல் பெண்களுக்கான இடம் 50 சதவீதம் ஆனது. ஆனால் சபையில் கேள்வியைக் கணவரைப் பார்த்துக் கேட்பதை நாம் விடவில்லை. "தலைவர் அம்மா பதில் சொல்லட்டும்" என்று குழுப் பெண்கள் எழுந்து சொல்லுங்கள். அவர் தடுமாறினால் பக்கத்தில் நில்லுங்கள். நன்றாக நிர்வாகம் பண்ணும் பெண் தலைவர்களை இந்த மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். யாரும் முதல் நாளே எல்லாம் தெரிந்து வந்தவர்கள் இல்லை.

கேள்வி (நாகர்கோவில் அருகே, ஊராட்சி வாசி): மாநகராட்சியோடு சேர்த்தால் நல்லதுதானே?

பதில்: சாலையும் பாதாளச் சாக்கடையும் வரலாம். வரி கூடும், கிராம சபை போகும், ஊரக வேலை போகும், ஒரு தலைவர் இருந்த ஊருக்கு ஒரு கவுன்சிலரில் ஒரு பங்குதான் மிஞ்சும். நான் இணைப்புக்கு எதிரானவன். குறைந்தபட்சம் சபை கூடி ஊர் தன் கருத்தைப் பதிந்த பிறகே அது நடக்க வேண்டும்.

கேள்வி (கொல்லங்கோடு, கல்லூரி மாணவி): தகவல் அறியும் உரிமையில் எழுதினால் சுற்றிவளைத்துப் பதில் வருகிறது. எப்படி எழுத வேண்டும்?

பதில்: ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள் தங்கச்சி, ஆவணத்தைக் கேளுங்கள். "ரோடு ஏன் மோசமாக இருக்கிறது" என்பதற்கு யாரும் பதில் தர வேண்டியதில்லை. "இந்தத் தெருவில் இந்த ஆண்டு போட்ட கான்கிரீட் சாலையின் மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய ஆணை ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அல்லது குறைவாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அளவுப் புத்தக நகல் கிடைத்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். கூட இரண்டு பேரை அழைத்துப் போங்கள்.