டர்பன் சாட்ஸ்வொர்த் சகோதரிக்கு: அம்மாவின் கால் புண்ணும் மறுக்கப்பட்ட பில்லும்

நீரிழிவால் அம்மாவுக்கு வந்த குதிகால் புண்ணுக்குப் பாத நிபுணரிடம் கட்டிய பணத்தை மருத்துவக் காப்புத் திட்டம் தர மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், சகோதரி. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நீரிழிவு, எல்லா மருத்துவக் காப்புத் திட்டங்களும் தந்தாக வேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். பில்லில் உள்ள ஐசிடி-10 குறியீட்டை, அதாவது என்ன நோய் என்று சொல்லும் குறியீட்டை, பாருங்கள். வெறும் தோல் வெடிப்பு என்றிருந்தால், நீரிழிவுப் புண் என்று திருத்தி வாங்கி, பில் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அனுப்புங்கள். மறுபடியும் மறுத்தால் இத்திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்களின் கவுன்சிலிடம் புகார் செய்யலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்த ஆண்டு அம்மாவைத் தீமிதியில் இறங்க விடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க நைலான் இழையால் தொட்டபோது அது தெரியவில்லை என்றாரே அம்மா, அந்தக் காலுக்குத் தணல் சுடுவதும் தெரியாது. என் தாயார் ஷூவுக்குள் கிடந்த சிறு கல்லை நாள் முழுவதும் மிதித்தே நடந்திருக்கிறார். மாலையில் காலுறை நனைந்திருந்தது, இரத்தத்தால். அம்மனுக்கு வீட்டிலேயே விளக்கேற்றட்டும், புண் ஆறட்டும்.