மீன் செத்த அன்று மாலையே கடைக்குப் போகாதீர்கள்

கேள்வி: மகளுக்காக 60 லிட்டர் மீன்தொட்டி வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் நாளே இரண்டு தங்கமீன், ஆறு நியான் டெட்ரா, ஒரு சக்கர் மீன் விட்டோம். மூன்று வாரத்துக்குள் பெரும்பாலானவை செத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் தொட்டியை முழுவதுமாகக் கழுவி, அன்று மாலையே புதிய மீன் வாங்கினேன். இப்போது மூன்றாவது தடவை வாங்கியதில் ஒரு தங்கமீனும் சக்கர் மீனும் மட்டுமே மிச்சம். எல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கியவை. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தைத்தான் கட்டுகிறேன். என் பெயரில் தவணை போட்டு 200 லிட்டர் தொட்டியும் ‘அதிர்ஷ்ட மீன்’ என்று விற்கப்படும் அரோவனாவும் வாங்கினால், வளர்ந்ததும் விற்று லாபத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் மைத்துனர். எந்த மீனை வாங்குவது?

பதில்: குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன். என்னை உறுத்தியவை ‘அன்று மாலையே’ என்ற இரண்டு சொற்கள். மீன்கள் சாவதற்கும் கடன் வளர்வதற்கும் அந்த அவசரமே காரணம்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீனுக்கு விஷமான அமோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் அடியில் பரப்பிய கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீங்களோ ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் பஞ்சையும் கற்களையும் தேய்த்துக் கழுவி, தண்ணீர் முழுவதையும் மாற்றியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் வாங்கிய மூன்று தொகுதி மீன்களும் முதல் நாள் தொட்டியில்தான் வாழ்ந்திருக்கின்றன. தங்கமீன் மிகுதியாகக் கழிவு விடும் மீன் என்பதால் விஷம் இன்னும் வேகமாக ஏறியிருக்கும்.

இனிக் கடன். ஒரு தடவை மீன் வாங்கும் செலவை 100 என்று வைத்தால் மூன்று தடவைக்கு 300. அதில் மாத வட்டி 9, நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 15. அசலில் குறைவது 6. இனி ஒரு மீன்கூட வாங்காமல் ஓராண்டு இப்படியே கட்டினாலும், கையிலிருந்து சுமார் 165 போயிருக்கும், கடன் 70 அளவுக்குத்தான் குறைந்திருக்கும். பாக்கி நிற்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குபவற்றுக்கு வட்டியில்லாக் காலமும் கிடைப்பதில்லை. செத்த மீனுக்குப் பதிலாக வாங்கிய மீனுக்கு அன்றே வட்டி ஓடத் தொடங்கியிருக்கும்.

மைத்துனர் சொல்லும் யோசனையை அவர் மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். ‘அதிர்ஷ்ட மீன்’ என்று பெயர் சூட்டி விற்கப்படும் எதையும் முதலீடாகக் கருதுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. வெள்ளி அரோவனா முக்கால் மீட்டருக்கு மேல் வளரும். 200 லிட்டர் தொட்டியில் அதனால் உடலைத் திருப்பக்கூட முடியாது. ஆசிய அரோவனாவோ அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் உள்ள இனம். உரிய ஆவணம் இல்லாமல் அதை வாங்குவதும் விற்பதும் சட்டச் சிக்கலில் முடியும். மீன் செத்தாலும் தவணை உங்கள் பெயரில் நிற்கும். லாபத்தில் பாதி கேட்பவர் நஷ்டத்தில் பாதியை ஏற்பதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

மீனின் விலையைப் பார்த்து வாங்காமல், அது முழுதாக வளர்ந்த பிறகு அதற்கு வேண்டிய தொட்டியின் விலையைப் பார்த்து வாங்க வேண்டும். விரல் நீளத்தில் வரும் சாதாரணத் தங்கமீன் ஓரடி வரை வளர்ந்து பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் அதையும் தாண்டி வளரும். மிஞ்சியிருக்கும் இரண்டையும் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். பிறகு ஆறு வாரங்கள், மீன் இல்லாமல், ஃபில்டரை மட்டும் ஓடவிட்டு, பாக்டீரியா பெருகுவதற்காக நாளும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். மீனுக்கு ஒதுக்கும் அந்த 100-ஐ இதற்கிடையில் கார்டில் கட்டினால் கடன் 200-க்கு இறங்கும், மாத வட்டி 9-லிருந்து 6 ஆகும்.

அதன் பிறகு ஆறு சீப்ரா டேனியோ போதும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத, கூட்டமாக நீந்தும், புதியவர் கையில் எளிதில் சாகாத மீன் அது. மகளுக்கு வண்ணம்தான் வேண்டும் என்றால் ஐந்து கப்பி, அதுவும் ஆண் மட்டும். பெண் கப்பி பெரும்பாலும் கடைத்தொட்டியிலேயே கருவுற்று வரும். பிறகு ஆண் இல்லாமலே பல மாதங்கள் குட்டி போடும், ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது கூட வரும். நியான் டெட்ராவைத் தொட்டி சில மாதங்கள் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு வாங்க வேண்டியவை அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்குமான சோதனைத் திரவங்கள் மட்டுமே. கார்டில் அல்ல, கையிலுள்ள பணத்தில். வாரம் ஒரு முறை சின்னக் குழாயில் தொட்டி நீரை எடுத்து மகளையே சொட்டு விடச் சொல்லுங்கள். அமோனியா திரவம் பச்சையாக மாறினால் தொட்டி இன்னும் தயாராகவில்லை. மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை. தொடர்ந்து இரண்டு வாரம் இரண்டு சோதனையிலும் பூஜ்யம் வந்த பிறகு, ஆறு மீனுக்கான பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.