சிறையிலிருந்து வருகிறவருக்குப் பிழைப்பு என்ன? கேட்டவர்களுக்குப் பதில்

சிறை நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம். ஜாமீன், அப்பீல் எல்லாம் வக்கீலிடம் கேளுங்கள். உள்ளே வேலை, வெளியே பிழைப்பு, இது இரண்டும் என்னிடம்.

தங்கச்சிமடம்: தம்பி மதுரையில் இருக்கிறான் சார், அடுத்த வருடம் விடுதலை. உள்ளே தையல் கற்றிருக்கிறான். இங்கே உதவுமா?

தையல் தெரிந்தால் நல்லதுதான் அம்மா, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வேலூரில் பூட்ஸ், கோவையில் நெசவு என்று சிறைத் தொழிற்கூடங்கள் பெரும்பாலும் அரசுத் துறைகளுக்குத் தேவையானதைச் செய்து கொடுக்க ஏற்பட்டவை, பாம்பனில் என்ன விலை போகும் என்று பார்த்து யாரும் பாடம் வைப்பதில்லை. நம் கரையில் காசு வருவது படகு இன்ஜின் பழுது, பைபர் படகு ஒட்டு, வலை தைப்பது, ஐஸ் பிளான்ட். விடுதலைத் தேதி ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவே விழுந்தால் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஆனால் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான், ஒரு கை கூடுதலாக இருந்தால் மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லமாட்டார். இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள்.

அப்புறம், இது எல்லோருக்கும்: காகிதங்களைப் பாருங்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கிவிடும். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொண்டி: கூலி உண்மையில் தருகிறார்களா?

தருகிறார்கள், பிடித்தம் போக. விசாரணைக் கைதியை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, கடுங்காவல் தண்டனை என்றால் செய்தே ஆகவேண்டும்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), ஒன்றரை வருடத் தண்டனை முடித்துவிட்டேன். துபாய் போக பாஸ்போர்ட் கிடைக்குமா?

1967 பாஸ்போர்ட் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருடத்துக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். உங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது தம்பி. வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். மறைத்து எழுதாதீர்கள், மறைப்பதே தனிக் குற்றம். விசா தருவது அந்த நாட்டின் விருப்பம். புரோக்கரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ராமேஸ்வரம்: என் மகன் ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். கொலை செய்தவனுக்குத் தொழிலும் பெட்ரோல் பங்க் வேலையுமா?

கோபம் நியாயம்தான். ஆனால் புழல் சிறை பங்க்கில் பெட்ரோல் போடுகிறவன் தண்டனைக்காலத்தில் நிற்கிறான், உங்கள் மகன் இடத்தில் இல்லை. வெளியே வந்து பிழைக்க வழியில்லாமல் திரும்ப உள்ளே போனால் அந்தச் செலவும் நம் தலையில்தான்.

பரமக்குடி: ராமேஸ்வரம் அண்ணன் கேட்பது சரிதானே? செத்தவன் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

1998-இல் உச்ச நீதிமன்றம் கைதிக்கு நியாயமான கூலி கொடு, அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கு என்றது. மேலே சொன்ன பிடித்தத்தில் அந்தப் பங்கும் அடக்கம். அவன் வேலையே செய்யாவிட்டால் அந்தப் பங்கு எங்கிருந்து வரும்?

ராமேஸ்வரம்: கணக்கில் நன்றாக இருக்கிறது. கைக்கு வருகிறதா?

நல்ல கேள்வி, முதலில் இதைக் கேட்டிருக்கலாம். அப்படி ஒரு நிதி இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது, தெரியாத வீட்டிலிருந்து மனு எப்படி வரும்? இதற்குச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். கைதிக்குத் தையல் மெஷின் கொடுத்ததற்குப் போடாதீர்கள்.

பரமக்குடி: அப்போ கூலியை மொத்தமாகப் பிடித்து அந்தக் குடும்பத்துக்கே கொடுத்தால் என்ன?

கைதியின் பெண்டாட்டி பிள்ளை என்ன குற்றம் செய்தது? சரி, இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஏர்வாடி: சார், வழக்கு இருந்தால் பாஸ்போர்ட்...

கீழக்கரைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முதுகுளத்தூர்: உள்ளே சாதி பார்த்துத்தான் வேலை கொடுப்பார்களாமே?

கூடாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தேவிபட்டினம்: பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஆள் இருபதாயிரம் கேட்கிறார்...

கொடுக்காதீர்கள் என்றேனே!

மண்டபம்: கடல் அட்டை (கடல் வெள்ளரி) பிடித்த வழக்கில் போய் வந்தவன் அண்ணே. பழைய ஆட்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள், வீட்டில் கடன்.

தம்பி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் கடல் அட்டைக்குப் புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. தண்டனை 3 வருடத்திலிருந்து 7 வரை. கூப்பிடுகிறவன் கரையில் நிற்பான், மூழ்கி எடுப்பதும் மாட்டுவதும் நீங்கள். மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கத்துக்கு மனு எழுத வழி சொல்வார். மனுவில் ‘உதவி வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல் இன்ன தொழில், இன்ன சாமான், இன்ன விலை என்று எழுதுங்கள், கடைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கி மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். விடுதலைச் சான்று நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.