பெட்டியில் கிடைத்த சோல் இசைத்தட்டுகள்: அசலா, மறுபதிப்பா, பாடியவர் யார்?

கேள்வி: நான் பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த முதியவர் ஒருவர் காலமான பிறகு, வீட்டைக் காலி செய்த அவருடைய மகள் 62 சிறிய இசைத்தட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்தார். பெரும்பாலும் 1960களின் அமெரிக்க சோல் பாடல்கள், அதாவது கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த இசை வகை. அவற்றில் ஃபிராங்க் வில்சன் பாடிய தட்டு ஒன்று இருக்கிறது. அது ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றதாகப் படித்தேன். டாரல் பேங்க்ஸின் தட்டும் இருக்கிறது. இன்னொன்றில் ஒஹாயோ மாநில முகவரி அச்சாகியிருக்கிறது. அந்தப் பாடகரைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட இல்லை. இவற்றை எப்படி மதிப்பிடுவது? எப்படி ஆராய்வது?

பதில்: ஒரு லட்சம் பவுண்டு விவகாரத்தை முதலில் பார்த்துவிடுவோம்; அது மனத்தில் இருக்கும் வரை மற்ற 61 தட்டுகளையும் நீங்கள் நிதானமாகப் பார்க்க மாட்டீர்கள். ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’ பாடல், டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் நடத்திய ‘சோல்’ என்ற கிளை லேபிளுக்காக (லேபிள் என்பது தட்டு வெளிவரும் வணிகப் பெயர்; தட்டின் நடுவில் அதை அச்சிட்டு ஒட்டிய காகிதத்துக்கும் அதே பெயர்தான்) 1965இல் பதிவானது. எஸ்-35019 என்ற எண்ணில் டெமோ பிரதிகள் (வெளியீட்டுக்கு முன் விளம்பரத்துக்காக அச்சடிப்பவை) அச்சடிக்கப்பட்ட நிலையில் வெளியீடு கைவிடப்பட்டு, ஏறக்குறைய எல்லாப் பிரதிகளும் அழிக்கப்பட்டன. வில்சன் பாடகராக இருப்பதைவிடத் தயாரிப்பாளராக இருக்கவே விரும்பினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தப்பிப் பிழைத்த மிகச் சில பிரதிகளில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கும், பிறகு 2020இல் ஒரு லட்சம் பவுண்டுக்கும் கைமாறியது. ஆனால் இதே பாடல் 1970களில் ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பொய்ப் பெயரில் திருட்டுப் பதிப்பாகவும், 1979இல் பிரிட்டனில் டாம்லா மோட்டவுன் லேபிளில் டிஎம்ஜி 1170 என்ற எண்ணில் முறையான வெளியீடாகவும் வந்தது. அதற்குப் பிறகும் பலமுறை மறுபதிப்பு ஆகியிருக்கிறது. பர்மிங்ஹாம் வீடொன்றில் இருந்த பிரதி இந்தப் பிற்காலப் பதிப்புகளில் ஒன்றாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். தட்டில் டாம்லா மோட்டவுன் என்று இருந்தால், அது கேட்பதற்கு அருமையான, சில பவுண்டு முதல் சில பத்துப் பவுண்டு வரை பெறுமானமுள்ள தட்டு. ‘சோல்’ என்றே இருந்தாலும் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். போலிகளும் அதே பெயரைத் தாங்கித்தான் வருகின்றன.

அந்த முதியவரிடம் இத்தனை அமெரிக்கத் தட்டுகள் இருந்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தின் வட பகுதியிலும் மிட்லண்ட்ஸிலும் தொழிற்சாலை ஊர்களின் இளைஞர்கள் 1960களின் இறுதியிலிருந்தே, அமெரிக்காவில் விற்காமல் போன வேகமான சோல் பாடல்களுக்கு விடிய விடிய ஆடினார்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பகுதியின் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோ ஆகியவை அந்த இரவுகளின் முக்கிய அரங்குகள். ‘நார்தர்ன் சோல்’ என்ற பெயரை வழங்கியவர் லண்டனில் ‘சோல் சிட்டி’ கடையை நடத்திய டேவ் காடின். யாரிடமும் இல்லாத தட்டு தன்னிடம் இருப்பதே அந்த அரங்குகளில் டிஜேக்களுக்குப் பெருமை. அதனால் போட்டியாளர்கள் கண்டுபிடித்துவிடாதபடி லேபிளின் மேல் காகிதத்தை ஒட்டி வேறு பெயரை எழுதிவைத்தார்கள். எடி ஃபாஸ்டர் பிறந்தது அப்படித்தான். உங்கள் பெட்டியில் லேபிள்மேல் காகிதம் ஒட்டிய தட்டு இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். அதுவும் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

அரிது என்று நாம் சொல்வது பாடலை அல்ல, குறிப்பிட்ட ஓர் அச்சுப் பிரதியை. இதற்கு டாரல் பேங்க்ஸின் தட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ‘ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்’ 1966இல் டெட்ராய்டின் ரெவிலாட் லேபிளில் வெளிவந்து, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியலில் 2ஆம் இடத்தையும் பாப் பட்டியலில் 27ஆம் இடத்தையும் எட்டியது. அந்த அளவுக்கு விற்ற அமெரிக்கத் தட்டு இன்றும் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பிரிட்டனிலோ ‘லண்டன்’ என்ற பெயருள்ள லேபிள் அதை வெளியிட முற்பட்ட வேளையில் உரிமை ஸ்டேட்சைடு லேபிளுக்குப் போய்விட, லண்டன் பதிப்பு நிறுத்தப்பட்டது. அந்தப் பதிப்பின் விற்பனைப் பிரதி ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்குப் போனது. பாடலும் குரலும் ஒன்றுதான். லேபிளில் உள்ள ஒரு பெயர்தான் வேறு. ஆகவே ‘இந்தப் பாடல் என்ன விலை போகும்’ என்று தேடாதீர்கள். ‘என் கையில் இருப்பது எந்த நாட்டில், எந்த ஆலையில், எப்போது அச்சான பிரதி’ என்று தேடுங்கள்.

அதற்கு விடை லேபிளில் இருப்பதைவிட, பாடல் முடிந்தபின் ஊசி சுற்றிக்கொண்டிருக்கும் வெற்று வளையத்தில்தான் அதிகம் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை டெட் வாக்ஸ் என்பார்கள். மேசை விளக்கை ஒரு பக்கமாக வைத்து, தட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கையால் கீறிய எண்களும் இயந்திரம் பதித்த முத்திரைகளும் தெரியும். அங்குள்ள ஒவ்வொரு கோட்டையும், அடித்துத் திருத்திய எழுத்தையும்கூட, அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு முக்கோணமும் அதைத் தொடர்ந்து எண்ணும் இருந்தால் அது லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் அச்சானது. அந்த எண்கள் காலவரிசையில் ஏறிச் செல்பவை என்பதால், தேதி தெரிந்த வேறு தட்டுகளின் எண்களோடு ஒப்பிட்டால் உங்கள் தட்டின் காலத்தை நெருங்கிவிடலாம். ஆர்சிஏ ஆலையில் பிறருக்காக அச்சான தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண் எனப்படும் அச்சு அடையாள எண்ணின் முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யூ என்றால் 1967.

அடுத்ததாக, தட்டு எதனால் ஆனது என்று பாருங்கள். 45கள் எனப்படும் இத்தகைய அமெரிக்கச் சிறு தட்டுகளில் கணிசமானவை வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக். விளிம்பை நகத்தால் லேசாகத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும். ஸ்டைரீன் பீங்கான்போல ‘டிக்’ என்று கூர்மையாக ஒலிக்கும், வளையவும் மறுக்கும். ஒரு பாடலின் அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்று உறுதியாகத் தெரிந்து, உங்களுடையது வினைலாக இருந்தால், விவாதத்துக்கு இடமில்லை: அது பின்னால் வந்த பதிப்பு. நான் இந்தப் பாடத்தை 40 பவுண்டு கொடுத்துக் கற்றேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வியாபாரியிடம் லேபிளின் நிறத்தையும் எழுத்துருவையும் மட்டும் பார்த்து மயங்கி வாங்கிய தட்டை, வீட்டில் உருப்பெருக்கியின் கீழே வைத்தபோது, லேபிளின் எழுத்து ஓரங்கள் சிறு புள்ளிகளாகச் சிதறியிருந்தன. அசல் லேபிளைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து மறுபடி அச்சடித்த காகிதம் அது. நேரடியாக அச்சுக்கோத்த லேபிளில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும்.

தட்டின் நிலையைப் பொறுத்தவரை, ஸ்டைரீன் கண்ணை ஏமாற்றும். பளபளவென்று புதிது போலிருக்கும். ஊசியை வைத்தால் சரசரக்கும். குறிப்பாக வானொலி நிலையங்களுக்குப் போன வெள்ளை லேபிள் விளம்பரப் பிரதிகளில், பாடல் தொடங்கும் இடத்தைச் சரிபார்க்க டிஜேக்கள் தட்டை முன்னும் பின்னும் சுழற்றியதால், முதல் சில நொடிகள் மட்டும் இரைச்சலாக இருக்கும். எனவே விற்பதானாலும் வாங்குவதானாலும், பார்த்து மட்டும் தரம் குறிக்காமல் ஓட்டிக் கேட்டபின் குறியுங்கள். கழுவுவதென்றால் வாலைவடிநீரில் ஒரு சொட்டு மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் போதும். லேபிள் நனையக் கூடாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. விலைக்கு, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தின் விற்பனை வரலாறும், பழைய ஏலங்களைச் சேமித்துவைக்கும் பாப்சைக் தளமும் அதற்கு உதவும்.

இனி அந்த ஒஹாயோ தட்டு. உண்மையைச் சொன்னால், உங்கள் பெட்டியில் என் ஆர்வத்தைத் தூண்டுவது அதுதான். பாடகரின் பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். பாடகரின் பெயர் பெரும்பாலும் மேடைக்காக வைத்துக்கொண்டது. அதைக் கொண்டு ஆளைத் தேடுவது வீண் வேலை. லேபிளில் பாடல் தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் இருக்கும் பாடலாசிரியர் பெயரையும், ஓரத்தில் இருக்கும், பாடலின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்தின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்ச் சேர வேண்டிய இடம் என்பதால், அங்கே பெரும்பாலும் உண்மைப் பெயர்தான் இருக்கும்.

அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு மத்திய அரசின் காப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. அதற்கு முன் பதிவு செய்ய முடிந்தது பாடலை மட்டுமே, பாடியதை அல்ல. அதனால் அன்றைய காப்புரிமைப் பதிவேடுகளில் பாடகர் இருக்க மாட்டார், பாடலாசிரியர் இருப்பார். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட அந்தப் பதிவேடுகளின் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் வருடவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பைத் தேடினால் எழுதியவர், உரிமையாளர், பதிவு செய்த தேதி ஆகிய மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். எண்ணுக்கு முன் ‘இபி’ என்றால் வெளியிடப்பட்ட பாடல், ‘இயூ’ என்றால் வெளியிடப்படாத நிலையில் பதிவானது. சின்ன லேபிள்களின் பாடல்களை ‘இயூ’ வரிசையில் தேடத் தவறாதீர்கள். அடுத்து, பாடலாசிரியர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் பிஎம்ஐ, ஆஸ்காப் அமைப்புகளின் தரவுத்தளங்களில் அதே ஆசிரியர் எழுதிய மற்றப் பாடல்களைப் பாருங்கள். உங்கள் பாடகர் வேறொரு பெயரில் பாடிய தட்டு அங்கே தென்படலாம். ஆனால் லேபிளில் உள்ள ஆசிரியர் பெயரும் எப்போதும் முழு உண்மை அல்ல. டாரல் பேங்க்ஸின் அதே பாடல் முதலில் அவர் ஒருவர் பெயரில் வந்தது. தானே எழுதியதாக டானி எல்பர்ட் உரிமை கோரி, பின்னர் இணை ஆசிரியர் ஆனார்.

ஒஹாயோ என்பதால் இன்னொரு வழியும் உண்டு. சின்சினாட்டியின் ரைட் நிறுவனம், காசு கொடுத்தால் யாருக்கும் தட்டு அச்சடித்துக் கொடுத்த இடம். தேவாலயப் பாடகர் குழு முதல் பள்ளி இசைக்குழு வரை அதன் வாடிக்கையாளர்கள். அதன் தட்டுகளில் ‘சிபி’ என்று தொடங்கும் எண் வாடிக்கையாளரின் கணக்கு எண், டெட் வாக்ஸில் உள்ள எண் அச்சு வரிசை எண். இரண்டும் இருந்தால் காலத்தை மட்டுமல்ல, அதே கணக்கில் அச்சான வேறு தட்டுகளையும் கண்டுபிடிக்கலாம். அதே ஊரின் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் தன் சொந்த ஆலையில் பிறருக்கு அச்சடித்துக் கொடுத்தது. பிறகு லேபிளில் உள்ள முகவரியை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் நூலகத்தில் உள்ள பழைய நகரக் கையேட்டை (எந்த முகவரியில் யார் இருந்தார்கள் என்ற பட்டியல்) பார்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். 1967இல் அந்தக் கதவு எண்ணில் இருந்தது முடிதிருத்தும் கடையா, ஒலிப்பதிவுக் கூடமா, யாரோ ஒருவரின் வீடா என்பதைக் கையேடு சொல்லும். அமெரிக்க நூலகர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பெரும்பாலும் அக்கறையோடு பதில் எழுதுகிறார்கள். கூகுள் புக்ஸில் உள்ள பழைய பில்போர்டு இதழ்களில் லேபிளின் பெயரைத் தேடுவதும் பயன் தரும். இரண்டு வரி விமர்சனம் ஒன்று கிடைத்தாலும் வெளியான வாரம் தெரிந்துவிடும்.

அதே ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில், வானொலி அறிவிப்பாளர் பில் மாஸ் நடத்திய கேப்சோல் என்ற சிறிய லேபிளைச் சொந்த ஊருக்கு வெளியே அறிந்தவர்கள் மிகக் குறைவு. பழைய பாடல்களை மறுவெளியீடு செய்யும் சிகாகோவின் நியூமெரோ குரூப் நிறுவனம் 2004இல் அதன் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகே அது உலகத்தின் காதுக்கு எட்டியது. தங்கள் முதல் தொகுப்புக்கு அவர்கள் தேர்ந்தெடுத்ததே இப்படிப்பட்ட லேபிளைத்தான்.

தேடல் பலித்து, பாடகரோ அவருடைய பிள்ளைகளோ கிடைத்துவிட்டால், ‘வீட்டில் இன்னும் பெட்டி இருக்கிறதா’ என்று தொடங்காதீர்கள். அந்தத் தட்டால் ஒரு டாலர்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் பலர். முதல் கடிதத்தில் பாடலைக் கேட்டதையும், யார் வாசித்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள் என்று அறிய விரும்புவதையும் மட்டும் எழுதுங்கள். இரண்டு பக்கங்களின் பதிவையும் நல்ல தரத்தில் எடுத்து அனுப்புங்கள். சொந்தக் குரலின் பிரதி தம்மிடமே இல்லாத பாடகர்களும் உண்டு. அவர் அனுமதியின்றி அதைப் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். 2018இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு இருக்கிறது. பாடகர் மறைந்துவிட்டாலும், லேபிள் மூடப்பட்டுவிட்டாலும் அந்த உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கவே செய்கிறது.

ஒஹாயோ தட்டின் இரு பக்க லேபிள்களையும் நேராக வைத்துப் படமெடுத்து, டெட் வாக்ஸ் எழுத்துகளை எழுதி, அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். 1963 முதல் 1970 வரையிலான பதிவேட்டுத் தொகுதிகளை நான் பார்த்துச் சொல்கிறேன்.